மைனஸ் எண்பதில் இருப்பவனுக்கு

நலமா என்று கேட்பது மரியாதைக்கு.
உனக்கு நலம் கெடாது,
அதற்காகத்தானே அங்கே வைத்திருக்கிறார்கள்.
இங்கே டுலூத்தில் இன்று மைனஸ் இருபத்தாறு.
மூச்சு தாடியிலேயே உறைகிறது.
உன் கணக்கில் இது கோடைகாலம்.

என்னைவிட்டு நீ போனது ஒரு நவம்பர் செவ்வாய்க்கிழமை.
வாதுமைக் கொட்டை அளவு இருக்க வேண்டும் என்றார் டாக்டர் மேப்ரி.
நீ எலுமிச்சை ஆகியிருந்தாய்.
பதினோரு பக்கம், கடைசியில் என் கையெழுத்து.
பேனாவை மேசையோடு சங்கிலியில் கட்டியிருந்தார்கள்.
சங்கிலி பேனாவுக்குத்தான் என்று நினைத்தேன்.

முப்பத்தெட்டு வருடம் தாது ஏற்றும் துறைமுகத்தில் வேலை எனக்கு.
மலையை அறுத்துக் கப்பலில் கொட்டினோம்.
எந்த ஊரில் எந்தப் பாலமாயிற்று என்று
ஒருவரும் கேட்டதில்லை. கம்பெனி மலை.
உன்னையும் அந்தக் கணக்கில் எழுதியிருந்தால்
எனக்குப் புரிந்திருக்கும்.
அவர்கள் எழுதியிருந்தது "பரிசு" என்று.

பிறகு மேப்ரி வேறு ஊருக்குப் போனார்.
போகுமுன் எங்களுக்கெல்லாம் ஒரு கடிதம்:
உங்கள் திசு என்னோடு வரட்டும் என்றால்
கீழே உள்ள கட்டத்தில் ஒரு கோடு.
இருநூற்றுப் பதினோரு பேர் கோடு போட்டோம்.
லாரி ஓட்டுகிறவன், பாதிரியார்,
எனக்குக் கடனை மறுத்த வங்கி மேலாளர்,
எல்லோருக்கும் இடுப்புக்குக் கீழே ஒரே தழும்பு.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள்.
வழக்கு நடந்த நான்கு நாளும்
பெஞ்சில் ஆடாமல்தான் உட்கார்ந்திருந்தேன்.
உன்னாலும் முடியாது, உறைந்தவன்.
ஆட்டுவதற்கென்று அங்கே ஓர் இயந்திரம் உண்டாம்,
நிமிடத்துக்கு இருநூறு முறை.
சாட்சிக்கூண்டில் ஒரு பெண் அதைக் கையால் ஆட்டிக் காட்டினாள்.
கெட்டிக்காரி. என் மகள் வயது.
அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

நீதிபதி நல்ல மனிதர், இருமலோடு படித்தார்:
கொடுத்தது கொடுத்ததுதான்.
வேண்டுமென்றால் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம்.
பெற்றால் என்ன ஆகும் என்று கேட்டார் எங்கள் வக்கீல்.
என் பெயரை அழித்துவிடுவார்களாம்.
நீ அங்கேயே இருப்பாயாம்.

அதை நான் இன்னும் மென்றுகொண்டிருக்கிறேன்.
திருடன் வீட்டைத் திருப்பித் தரவில்லை,
வாசற்பலகையைத் துடைத்துவிடுகிறேன் என்கிறான்.
இல்லை, திருடன் என்பது தவறு.
உன்னால் யாரோ ஒருவன் பிழைக்கலாம்.
பிழைக்கட்டும். அதற்குத்தானே கோடு போட்டேன்.
என்னைக் கேட்டிருக்கலாம் என்கிறேன், அவ்வளவுதான்.

வெர்னாவிடம் சொன்னேன். சமையலறையில் முதுகைக் காட்டியபடி,
"அவன் இல்லாமல் நாம் பழகிவிட்டோம், ரெய்னோ" என்றாள்.
பழகியது அவள்தான்.
நான் இன்னும் இரவில் மூன்று முறை எழுகிறேன்.

இன்று ஏரிமேல் என் பலகைக் குடிலை இழுத்து வந்தேன்.
சட்டப்படி அதன்மேல் பெயரும் முகவரியும் எழுத வேண்டும்,
தூரத்திலிருந்து படிக்கிற அளவில்.
ரெய்னோ ஹல்வாரி என்று கறுப்புப் பெயின்டில் எழுதினேன்,
விரல் மரத்துப்போய் ஒரு கால் கோணல்.
மார்ச்சில் கழற்றிக்கொண்டு போய்விட வேண்டும்.
அடுப்புக்கரி ஒரு துண்டு மிஞ்சினாலும் அபராதம்.

மதியம் கண்காணிப்பு அதிகாரி வந்தான், டால்கிரேன் வீட்டுப் பையன்.
வாளிக்குள் குனிந்து எண்ணினான்.
ஒன்பது பெர்ச். ஒன்று இன்னும் வாயைத் திறந்து மூடியது.
"எல்லாம் உங்களுடையதுதானே?" என்றான்.

ஆமாம் என்றேன்.
அவன் நம்பினான்.
புத்தகத்தில் குறித்துக்கொண்டு,
பனியில் அடுத்த குடிலை நோக்கி நடந்தான்.